மஞ்சள் தடவிய மீன்

என்னங்க,

இதை ஐஸ் பெட்டிக்குள் வைக்கிறேன். சனிக்கிழமை தூண்டிலோடு கிளம்பும்போது எப்படியும் திறப்பீர்கள்.

லங்காவி, பங்கோர், கேரி தீவு என்று நண்பர்களோடு எங்கே போனாலும் மீன் பிடிப்பது நீங்கள், கழுவி வெட்டுவது நான். உங்கள் ஜெயந்திரன், "அக்கா, எனக்கு நாத்தம் ஆகாது லா" என்று படகின் மறுகோடிக்கு ஓடிவிடுவார். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு நான் வருவதில்லை.

போன வாரம் போர்ட் கிள்ளானிலிருந்து நீங்கள் கொண்டுவந்த மீன் செதில் நீக்கி, துண்டு போட்டு, மஞ்சளும் உப்பும் தடவி வந்தது. கேட்டதற்கு, "ஜெயந்திரன்தான் வெட்டினான் லா" என்றீர்கள்.

சரி, அவர் கற்றுக்கொண்டிருக்கலாம். ஆனால் சினையை மட்டும் தனியே வாழையிலையில் மடித்து வைத்திருந்ததே? அது உங்களுக்கு உயிர் என்பது, கல்யாணமாகி வெகுநாள் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது.

குழம்பு வைத்தேன். "இன்னும் கொஞ்சம் புளி விட்டிருக்கலாம்" என்றீர்கள். இத்தனை வருஷத்தில் நீங்கள் அப்படிச் சொன்னதே இல்லை.

இந்த வாரம் மீன் முழுசாக வரட்டும். இல்லையென்றால், வெட்டிய கையையே குழம்பும் வைக்கச் சொல்லி, அங்கேயே சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இன்றுவரை,
உங்கள் மனைவி