ஏரி நத்தையும் பெரிய சாரும்

திருத்தணி
12-7-75

சிரஞ்சீவி துளசிங்கத்துக்கு அம்மா அநேக ஆசிகளுடன் எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே நாட்கள் நகர்கின்றன, பிலாயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். உன் நைனாவுக்கு வலது கை இன்னும் வரவில்லை, பேச்சும் அப்படியேதான். வாதம் வந்ததிலிருந்து கூரையையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார், முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. மத்தியானக் கஞ்சியைப் பக்கத்து வீட்டு அன்னம்மாள் ஊட்டுகிறாள். பொதட்டூர்பேட்டைக்கு பஸ்ஸில் போய்ப் பாடம் நடத்திவிட்டு வருவதற்குள் எனக்குக் கால் வீங்கிவிடுகிறது, அலுத்துப் போச்சுடா. உள்ளூர்ப் பள்ளிக்கு மாற்றல் கிடைத்தால் நானே ஓடிவந்து ஊட்டுவேன். இன்ஸ்பெக்ஷன் நல்லபடி முடிந்தால் சிபாரிசு எழுதுவதாகத் தலைமையாசிரியர் பரந்தாமன் சொல்லியிருந்தார்.

அதற்காகத்தான் உன்னிடம் பாடக்குறிப்பு கேட்டது. நீ பாடம் நடத்தும் பள்ளியின் நூலகத்தில் தேடி, குளத்து உயிர்கள் பாடத்தைத் தமிழில் எழுதி அனுப்பினாய், சந்தோஷம். ஆனால் அதில் தாமரையும் வாத்தும் இருக்கிறது, இங்கே ஏரி வறண்டு வெடித்துக் கிடக்கிறது, நான் எதைக் காட்டுவேன். பிள்ளைகளை ஏரிக்குள் இறக்கி மண்ணைக் கிளறச் சொன்னேன், நத்தைகள் வாயை மூடிக்கொண்டு உள்ளே கிடந்தன. தண்ணீரில் போட்டு வைத்தால் விடிவதற்குள் திறந்து ஊரும், இன்ஸ்பெக்டருக்குக் காட்டலாம் என்று, நாய்க்குப் பயந்து பள்ளிச் சமையல் கொட்டகையில் அலுமினியப் பேசினோடு வைத்துவிட்டு வந்தேன். நேற்றுக் காலையில் பார்த்தால் பேசின் கவிழ்ந்திருக்கிறது. சமைக்கிற கௌரியம்மாளைக் கேட்டேன். பெரிய சாரு மூலக்கடுப்புக்கு நத்தை வோணும்னு சொல்லிகினே இருந்தாருங்களே, அவருக்குத்தான் வந்துச்சுன்னு மிளகு போட்டு வறுத்துக் குடுத்துட்டேன் என்கிறாள். பெரிய சாரு என்றால் பரந்தாமன் சார்தான், அவரும் ருசியாகச் சாப்பிட்டு முடித்துவிட்டார். அவளைத் திட்டக்கூடத் தெம்பில்லை.

ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டு பாடத்தை ஆரம்பித்தேன். இன்ஸ்பெக்டர் நாற்காலியில், பக்கத்தில் பரந்தாமன் சார். பாசியை நத்தை தின்னும், நத்தையை எது தின்னும் என்று உன் குறிப்பில் இருந்தபடியே கேட்டேன். கொக்கு என்பார்கள் என்றுதான் நினைத்தேன். தறிக்காரர் சிங்காரத்தின் பெண் காஞ்சனா எழுந்து நின்று, பெரிய சாரு துன்னுவாருங்க டீச்சர் என்றது. இன்ஸ்பெக்டர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, பாடம் நன்று என்று எழுதிவைத்துப் போனார். பரந்தாமன் சார் என் முகத்தைப் பார்க்கவில்லை, சிபாரிசை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே அழுதேன்.

ராத்திரிக் கஞ்சி ஊட்டும்போது, மாற்றல் கைநழுவிப் போன சங்கடத்தை உன் நைனாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். காஞ்சனா சொன்ன இடம் வந்ததும் அவர் வாய் கோணி, கஞ்சி சிந்தி, உடம்பு குலுங்கியது. இழுப்பு வந்துவிட்டதென்று பதறிப்போனேன். சிரித்திருக்கிறார்டா. இன்னொரு தரம் சொல்லும்படி இடது கையால் ஜாடை காட்டினார், சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், மழைக்குக் குடை வாங்கு. வறண்ட ஏரிக்கு ஏதாவது பாடம் கிடைத்தால் அனுப்பு. முருகன் உன்னைக் காப்பாற்றட்டும். ஆடிக் கிருத்திகைக்கு லீவு கேட்டுப் பார், நீ வந்து சொன்னால் இன்னும் நன்றாகச் சிரிப்பார்.

இப்படிக்கு
உன் அம்மா
வள்ளிநாயகி