சம்பந்திக்கு என் கைப்பட

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் சுகம். அவள் முழங்கால் வலியும் எங்களோடு சேர்ந்து சுகமாகவே இருக்கிறது, காலி செய்கிற உத்தேசம் இல்லையாம். உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டு ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதைக் கேட்ட பிறகு அந்த வரியை எழுதக் கை வரவில்லை. ஆபரேஷன் செய்தும் சம்பந்திக்கு ஒரு கண்ணில் பார்வை திரும்பவில்லை, இன்னொன்றும் மங்கிக்கொண்டே வருகிறது, ஜன்னல் பக்கம் வைத்துக் காட்டினால் பெரிய எழுத்து மட்டும் கொஞ்சம் தெரிகிறது என்றாய். அதற்கப்புறம் நீ பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பால்கனியில் போய் நின்றுகொண்டேன். நீ வைத்ததும் அவள் வந்து, "நல்லா எழுதிப் பழகுங்க, அவரு கண்ணு உங்களுக்காகக் காத்துக்கிட்டே இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். உன் அம்மா அதிகம் பேசமாட்டாள், பேசினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

உன் கல்யாணம் முடிந்து ஊர் திரும்பியதும் சம்பந்தி தன் கையால் சீன எழுத்தில் எனக்கு ஓர் அட்டை எழுதி அனுப்பினாரே, மாப்பிள்ளை படிக்க நீ எனக்குச் சொன்னாய், மண்டபத்து வாசல் பெஞ்சில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்ததை மறக்கவில்லை, இங்கேயும் ஒருநாள் வந்து உட்காருங்கள் என்று. அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது, அன்று மத்தியானம் முழுக்க வாயே திறக்காமல் இருந்தோம், ஓர் ஆளோடு அவ்வளவு நேரம் வாக்குவாதம் இல்லாமல் நான் இருந்தது அது ஒரு தடவைதான். அந்த அட்டைக்குப் பதிலை அவர் எழுத்திலேயே என் கைப்பட எழுதுகிறேன் என்று மார்தட்டியவன் நான். போனில் இரண்டு வரி தட்டி அனுப்புங்கள், மாப்பிள்ளை மாற்றிக் கொடுப்பார் என்று நீ சொன்னாய். அவரோ, எங்கள் அப்பாவுக்கு அச்செழுத்து என்றால் கரண்ட் பில் மாதிரி, கையால் எழுதினால்தான் ஒரு மனுஷன் எழுதியதாக எடுத்துக்கொள்வார் என்று உன்னிடம் சொல்லிவிட்டார். அதுவும் சேர்ந்து என்னை ஏற்றிவிட்டது.

எழுதிப் பழக மாப்பிள்ளை போனில் போட்டுக் கொடுத்த ஆப்பில் எழுத்து சாம்பல் நிறத்தில் மங்கலாக நிற்கும், அதன்மேல் விரலால் இழுக்க வேண்டும். லிப்ட் ரிப்பேருக்குப் போகிற கட்டடத்திலெல்லாம் மோட்டார் ரூமில் உட்கார்ந்து இழுத்தேன். கிரீஸ் விரலால் கன்னாபின்னாவென்று இழுத்தாலும் அதுவே கோட்டை நேராக்கி, கறுகறுவென்று நிறுத்தி, பச்சை நிறத்தில் ஒரு சரியும் போட்டுவிடும். பள்ளிக்கூடத்தில் எவனும் எனக்கு இத்தனை சரி போட்டதில்லை. அந்தத் திமிரில் ஒரு கட்டம் போட்ட நோட்டு வாங்கி வந்து பேனாவைப் பிடித்தேன், கை திருதிருவென்று முழித்தது. பழகியதெல்லாம் விரல், பேனாவுக்கு ஒன்றும் தெரியாது, அடியில் சாம்பல் கோடும் கிடையாது. எழுத்தின் இடது பாதி ஒரு மாடியில், வலது பாதி வேறு மாடியில். பெட்டி போல ஓர் எழுத்து உண்டு, நான் நாலு பக்கமும் அடைத்துவிட்டு உள்ளே எழுத இடம் தேடிக்கொண்டிருந்ததை வீடியோவில் பார்த்து மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாரே, முதலில் ஆளை உள்ளே ஏற்றிவிட்டு அப்புறம் கதவைச் சாத்தச் சொல்லு என்று. ஒரு லிப்ட் மெக்கானிக்குக்கு இதைவிட வெட்கக்கேடு வேண்டுமா?

நான் பார்க்கிற ஒரு கட்டடத்தில் பல் டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார், பூர்வீகம் சீனா, அவருக்குச் சீன எழுத்து தெரியும். ஒருநாள் போனையும் நோட்டையும் அவரிடம் நீட்டினேன். நோட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "போன்ல நல்லா இருக்கு. நோட்டுல எழுதினது யாரு, உங்க பேரனா?" என்றார். ரெண்டும் நான்தாம்மா என்றேன். சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார், பாவம். "போன் உங்களுக்காக எழுதிக் கொடுக்குதுண்ணே. ஆனா இதையும் படிக்க முடியுது, பேசாம இதையே அனுப்புங்க" என்றார். அங்கேதான் சிட்டு நான் கோட்டை விட்டேன். அனுப்பவில்லை. தாளில் எழுதினால் மானம் போகிறது, போனில் எழுதினால் சபாஷ் கிடைக்கிறது, நான் நோட்டை மூடிவிட்டுப் போனுக்கே திரும்பிப் போய்விட்டேன். அப்போதெல்லாம் சம்பந்தி தினமும் பேப்பர் படிக்கிறார், பொடி எழுத்துகூட விடமாட்டார் என்று நீதான் சொல்லிக்கொண்டிருந்தாய். அழகாக எழுத வந்தபிறகு அனுப்புவதுதான் மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மரியாதையாவது ஒன்றாவது, பார்த்துச் சிரித்துவிடுவாரோ என்ற பயம்தான். சிரித்திருந்தால்தான் என்ன? கண்ணால் பார்த்துச் சிரித்திருப்பார். அதைக்கூட அவருக்குக் கிடைக்காமல் செய்துவிட்டேன்.

நேற்றுதான் பெரிய சார்ட் பேப்பரும் தடி மார்க்கரும் வாங்கி, கூடத்துத் தரையில் மண்டி போட்டு, ஒரு தாளுக்கு ஓர் எழுத்தாக எழுதி, இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். வாருங்கள், சேர்ந்து உட்காருவோம் என்பதுதான் செய்தி. உட்காருவதற்கான எழுத்தில் மண் என்ற எழுத்தின்மேல் ஆள் என்ற எழுத்து பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வருமே, என் கையில் ஒருத்தர் நெட்டை, ஒருத்தர் குட்டை. குட்டை யாருன்னு கேக்கவே வேணாம் என்கிறாள் அம்மா. கோணல் அப்படியே இருக்கட்டும், நீயோ மாப்பிள்ளையோ திருத்தி அழகாக எழுதிக் காட்டிவிடாதீர்கள்.

உன் வேலைக்கு நடுவில் வேளைக்குச் சாப்பிடு, மாமியாருக்குத் துணையாக இரு, ஆஸ்பத்திரி அலைச்சல் அவரையும் படுக்க வைத்துவிடும். நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் ஒற்றுமையாக இருக்க எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உண்டு. தாள்களை வெயில் நன்றாக ஏறியபிறகு ஜன்னலோரம் பிடித்துக் காட்டு, அவசரப்படுத்தாதே. அவர் நல்ல மனுஷன், ஒன்றும் தெரியாவிட்டாலும் தெரிகிறது என்று தலையாட்டுவார். அவரிடம் அதற்குமேல் எதுவும் கேட்காதே. நிஜமாகத் தெரிந்ததா இல்லையா என்று எனக்கு மட்டும், மனசு நோகும் என்று பார்க்காமல், உள்ளதைச் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அப்பா