கன்னடத் தாளில் இல்லாத வரி

இன்று காலை கூட்டத்துக்கு முன்னால், நம் தொம்மலூர் அலுவலகத்தில் யாரோ ஒரு பொட்டலத்தைப் பிரித்தார்கள். உலர்த்திய தக்காளி. அந்தப் புளிப்பு வாசனை என் மேசைக்கு வந்ததும் கோலார் பக்கம் நாம் போன நாள் கண்முன் வந்துவிட்டது. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

சிறு விவசாயிகளோடு சேர்ந்து நடக்கும் உணவு நிறுவனங்களில் முதலீடு செய்வதற்கு முன், நேரில் போய்ப் பார்ப்பது நம் வேலை. அன்று பார்த்தவை, வெயிலில் தக்காளி உலர்த்தும் கூடாரங்கள். விலை விழுந்தாலும் தக்காளியைச் சாலையில் கொட்ட வேண்டியதில்லை. எனக்கு எல்லாமே பிடித்திருந்தது. விவசாயப் பெண்கள் கையெழுத்துப் போட வரிசையில் நின்றார்கள். நீ மட்டும் அவர்களுடைய கன்னட ஒப்பந்தத்தை வாங்கி, நம்மிடமிருந்த ஆங்கிலத் தாளோடு வரிவரியாக ஒப்பிட்டாய்.

"இந்த வரி இதுல இல்லையேடி."

விளைச்சல் பொய்த்தால் கூடாரத்துக்கான செலவை விவசாயியே ஏற்க வேண்டும் என்ற வரி, ஆங்கிலத் தாளில் மட்டும் இருந்தது. எனக்கும் படித்துக் காட்டினாய். நிறுவனத்து ஆள், "அது சும்மா ஃபார்மாலிட்டி மேடம்" என்றார்.

"அப்போ அவங்ககிட்டயும் சொல்லிடலாமே சார்."

விவேக் நகர்த் தெருவில் விளையாடிக் கற்ற கன்னடத்தில் நீயே சொன்னாய். வரிசையில் முதலில் நின்ற பெண் பேனாவை மூடி, உன்னிடம் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் மேலாளர் கொதித்தார். "நல்ல ப்ராஜெக்டைக் கெடுத்துட்டீங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும் பார்த்தீங்களா?" என்றார்.

"எனக்குக் கன்னடம் சரியா வராது சார்."

அது உண்மைதான். ஆனால் அதுவா அவர் கேட்டது? மதியம் வழக்கம்போல உன் டிபன் பாக்ஸை என் பக்கம் நகர்த்தினாய். மன்னிப்புக் கேட்க நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் டெங்கு வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது கிழக்கு ஆப்பிரிக்காவில் அதே மாதிரி கூடாரங்கள். வெளிநாட்டுக் கூட்டாளிகள் சேர்ந்து செய்யும் பெரிய முதலீடு. விவசாயிகளின் மொழியில் உள்ள ஒப்பந்தம் வேண்டும் என்று கேட்டேன். "நமக்குப் படிக்கவே தெரியாத தாள் எதுக்கு?" என்றார் மேலாளர். விடாமல் கேட்டு வாங்கி, அந்த மொழி தெரிந்தவரிடம் கொடுத்தேன். ஆங்கிலத் தாளில் இருந்த அந்த வரி அதிலும் இல்லை.

இன்று கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். முதலீட்டை நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

சொன்னதிலிருந்து இதே யோசனைதான். நிறுவனம் அந்த வரியை எடுக்குமா, இல்லை எதையும் கேட்காத வேறொரு முதலீட்டாளரிடம் போய்விடுமா? இந்தப் பருவத்தில் நான் பார்த்தேயிராத ஒருத்தியின் விளைச்சல் கூடாரம் வராமல் அழுகினால், அதில் எனக்கும் பங்கு உண்டா?

உனக்குப் பயமே கிடையாது என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். அது சரியில்லை. கோலாரிலிருந்து திரும்பும்போது, ஹொசகோட்டை தாண்டியதும், ஜன்னலைப் பார்த்தபடி நீ சொன்னாய்: "இவங்களுக்கு இனிமே கூடாரமே வராம போயிடுமோன்னு பயமா இருக்குடி." நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்தப் பயம் இப்போது என்னிடம் இருக்கிறது. நாளைக்கும் அதோடுதான் வேலைக்குப் போகப்போகிறேன்.