டிரேவர் வீட்டில் வைத்த பை

அல்சூர்,
வியாழக்கிழமை

சிரஞ்சீவி சுந்தரராமனுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

திங்கட்கிழமை காலை நம் வாசலில் நின்றவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது. நான். உன் பெண்டாட்டி ஸ்வர்ணா. உன் பெண் ரக்ஷிதா, இஸ்திரி போட்ட நீலச் சுடிதாரில். காபிக்கு வந்த உன் சித்தப்பா சேஷகிரி. அவ்வளவுதான். இருந்திருக்க வேண்டிய பக்கத்து வீட்டு டிரேவர் இல்லை. வாட்ஸ்அப்பில் சொன்னால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு ஓடிவிடுவாய். அதனால்தான் காகிதம்.

தை முடிவதற்குள் வேலையில் சேரவில்லையென்றால் நீ பார்த்த துபாய்ப் பையனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தீபாவளியன்று போனில் ரக்ஷிதாவிடம் சொன்னாய். நான் கேசரி கிளறிக்கொண்டிருந்தேன், எல்லாம் கேட்டது. முதலில் எடுத்த கம்பெனி சேரும் தேதியைத் தள்ளிக்கொண்டே போனது அவள் தப்பா? அதை விட்டுவிட்டு வைட்ஃபீல்டில் வேறு கம்பெனியில் தேர்வானாள். தை மாதக் கடைசித் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். அன்றைக்குத் தவறினால் அடுத்து சித்திரையில்தான் ஆள் சேர்ப்பார்களாம்.

அவள் கிளம்புகிற நேரம் சரியாக ராகு காலம். அதனால் பரஸ்தானம் வைத்தேன். நீ மஸ்கட்டுக்குப் போனபோது ராகு காலத்துக்கு முன்னாலேயே உன் பெட்டியை எதிர்வீட்டில் வைத்து, புறப்பட்டாயிற்று என்று கணக்குப் பண்ணினோமே, அதேதான். ஒரு துண்டுத் துணி வைத்தால் போதுமே அம்மா என்றாள் ஸ்வர்ணா. பெரிய காரியத்துக்குத் துண்டுத் துணியா? அவள் பையையே டிரேவர் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். சர்டிபிகேட் எல்லாம் அதில்தான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கிளம்பும்போது போய்ப் பார்த்தால் வீடு பூட்டியிருக்கிறது. டிரேவர் வேறொரு கம்பெனிக்கு வண்டி ஓட்டுகிறவர். அவசரமாகக் கூப்பிட்டார்கள் என்று பையை மறந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்விட்டார். ஓட்டும்போது போன் எடுக்கமாட்டார். அசல் சர்டிபிகேட் இல்லாமல் கம்பெனியில் சேர்க்கமாட்டார்கள். நான் அப்பவே நினைச்சேன் என்றார் உன் சித்தப்பா. நீ முதல் வேலைக்குக் கிளம்பியபோது வாசலில் தும்மினவர் அவர். துபாய் இடமும் நல்ல இடம்தானே மன்னி என்று வேறு ஆரம்பித்தார். காபி டம்ளரைப் பாதியில் வாங்கி உள்ளே வைத்துவிட்டேன்.

ரக்ஷிதா அழவில்லை. நான் போய் வரிசையில நிக்கறேன், பை வந்தா வரட்டும் என்று வெறுங்கையோடு மெட்ரோவுக்கு நடந்துவிட்டாள்.

அவள் போனபிறகு டிரேவர் கூப்பிட்டார். பூட்டை உடைங்க ஆன்ட்டி, நான் வேற வாங்கிக்கிறேன் என்றார். அடுத்தவன் பூட்டை உடைத்தால் போலீஸ் வரும் என்றார் உன் சித்தப்பா. ஆள் கூப்பிடலாமா என்று நான் யோசிப்பதற்குள் ஸ்வர்ணா அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்குக்கூடத் தனியாகப் போகாதே என்று நீ சொல்லி வைத்திருக்கிற அதே ஸ்வர்ணா. இரண்டே போடு. பூட்டு போன இடம் தெரியவில்லை.

"நானே கொண்டுபோறேன்மா. இதுக்கு யாரையும் கேக்க வேண்டாம்" என்றாள்.

போனாள். மெட்ரோவில், தனியாக. அங்கே செக்யூரிட்டி உள்ளே விடவில்லையாம். இவள் கன்னடத்தில் போட்ட சத்தத்தில் அவனே ரக்ஷிதாவைக் கீழே வரவழைத்தானாம். வரிசையில் கடைசி ஆளாக உன் பெண் வேலையில் சேர்ந்துவிட்டாள்.

ஸ்வர்ணா திரும்பி வரவில்லை. எதிரே ஒரு தர்ஷினி ஓட்டலில் மசால் தோசை சாப்பிட்டுவிட்டு, பெண் வெளியே வரும்வரை அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தாளாம். சாயங்காலம் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே தெருவில் வந்தார்கள். ரக்ஷிதா போட்டோ போட்ட கம்பெனி அட்டை ஸ்வர்ணா கழுத்தில் தொங்கியது. தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன். துபாய் வீட்டுக்கு நீயே சொல்லிவிடு.

வேளைக்குச் சாப்பிடு. அந்த ஊர் வெயிலில் அலையாதே. தீர்க்காயுசாக இரு.

இப்படிக்கு,
உன் அம்மா ஜெயலக்ஷ்மி

கையெழுத்துக்குக் கீழே இடம் இருப்பதால் இதையும் எழுதுகிறேன். சேர்ந்த சேதியை அவள் உனக்குத்தான் முதலில் அனுப்பினாள். நீ பார்த்துவிட்டாய் என்று நீலக் கோடு விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். பதில் வரவில்லை. சாப்பிடும்போதும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில்தான் இருப்பாள். டிரேவரை மன்னித்தாயிற்று. உன் சித்தப்பாவையும் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். நான் மன்னிக்காதவன் ஒருவன்தான் பாக்கி. சுந்தரராமன்.