நனையாத பாய்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் சௌக்கியம். உன் இருமல் குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

இந்தத் தடவை ஒரு மொட்டைமாடி முழுவதற்கும் மழைத் தண்ணீர் இறங்காமலிருக்க என்னையே தார் ஷீட் ஒட்டவிட்டார்கள். சுருளை விரித்துக்கொண்டே அடியில் தீ காட்டி, உருக்கி ஒட்ட வேண்டும். முடிந்ததும் வடிகுழாய்களை அடைத்து, மாடியில் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினார்கள். ஒட்டியவன் இரண்டு நாள் அதற்குக் கீழ் அறையில் படுத்துக்கிடக்க வேண்டும். எங்கள் மேஸ்திரியின் சட்டம் அது.

"ஒழுகுனா முதல்ல உன் மூஞ்சியிலதான் விழணும்" என்றார்.

பாயில் மல்லாந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று நெற்றியில் ஈரம். உயிரே போய்விட்டது. துடைத்துப் பார்த்தால் என் வியர்வை. அதற்குப் பிறகு நன்றாகத் தூங்கிவிட்டேன். மறுநாள் சாயங்காலம் மேஸ்திரிதான் எழுப்பினார்.

"உன் குறட்டை மாடி வரைக்கும் கேக்குது. ஒரு சொட்டுகூட இறங்கல. அடுத்த மாடியும் உனக்குத்தான்."

லீவில் வந்ததும் நம் மாடிக்கும் ஒட்டிவிடுகிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நீ வைக்கிற வாளிக்கு இனி ஓய்வுதான்.

கீழே வேலை வண்டி ஹாரன் அடிக்கிறது. மாடியின் நீள அகலத்தை மட்டும் அளந்து எழுது. டேப் தேடாதே, காலடி வைத்து எண்ணினால் போதும். உன் காலடி எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

உன் வீட்டுக்காரன்