உங்கள் குரலை அடைத்த சொல்

இன்று பேத்தியின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். பிள்ளை நன்றாகத்தான் படிக்கிறாளாம், பாடம் வாசிக்கும்போது மட்டும் குரல் எழும்பவில்லையாம். "வீட்ல லவுடா வாசிக்கப் பழக்குங்கம்மா" என்றார் டீச்சர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஒரு சொல்லை வைத்துத்தானே உங்கள் வாயை அடைத்தார்கள்!

கடியப்பட்டணம் கடற்கரையில் நீங்கள் மீன் ஏலம் விளித்தால் அலைச்சத்தத்தையும் தாண்டி நம் அடுக்களையில் எனக்குக் கேட்கும். சாளை என்ன விலைக்குப் போகிறது என்று அடுப்படியில் இருந்தே தெரிந்துகொள்வேன். அந்தத் தொண்டைதான் நம் மகனைப் படிக்க வைத்தது. அவன் நாகர்கோவிலில் இந்த மாடி வீட்டை வாங்கி நம்மைக் கூட்டி வந்த கையோடு, "அப்பா, லவுடா பேசாதீங்க, கீழ ஆளு இருக்கு" என்றான். போனில் உங்கள் தங்கச்சியிடம் நலம் விசாரித்தாலும் லவுடு. நீங்கள் ஆசையாக எடுத்த சிவப்புச் சட்டையும் கண்ணைப் பறிக்கிறதாம், அதுவும் லவுடு.

ஒருநாள் அடுக்களைக்கு வந்து கேட்டீர்கள். "ஏட்டி, லவுடுன்னா என்னது?"

நான் பத்தாவது வரை படித்தவள். உரக்க என்று அர்த்தம் என்றேன்.

"அவ்வளவுதானா? நான் என்னமோ கெட்ட வார்த்தைன்னுல்லா நெனச்சேன்."

சிரித்தீர்கள். ஆனாலும் மகன் அதைச் சொல்லும்போது முகம் சுளிப்பதை நீங்கள் கவனிக்காமல் இல்லை. அதன்பிறகு பேத்தியைக் கூப்பிடுவதுகூடக் காதோடு காதாகத்தான். எத்தனை தடவை மல்லுக்கு நின்றேன், உங்கள் குரலில் பேசுங்களேன் என்று. பயலுக்கு மானக்கேடு வேண்டாம் என்று அதற்கும் மெதுவாகவே பதில்.

குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அடுத்த அறையில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்து, "உன்னை விளிச்சேனே" என்றீர்கள். அதுதான் என்னிடம் கடைசியாகப் பேசியது. கடற்கரை முழுக்கக் கேட்க விளித்த மனுஷனின் குரல் ஒரு சுவரைத் தாண்டவில்லை. நினைக்க நினைக்க ஆத்திரமாக வருகிறது. உங்கள் மேலும்தான்.

மகனைச் சொல்லிப் பயனில்லை, அவனும் அழுது தீர்த்துவிட்டான். ஆனால் நான் விடுவதாக இல்லை. இப்போது இந்த வீட்டில் நான்தான் லவுடு. ஒரு வாய் தண்ணீர் கேட்டாலும் உரக்கத்தான் கேட்கிறேன். நேற்று கீழ் வீட்டுக்காரி மேலே வந்து, வீட்டில் ஏதும் சண்டையா என்று மெல்ல விசாரித்தாள்.

"சண்டை ஒண்ணும் இல்ல மக்கா" என்றேன். "உயிரோட இருக்கேன்."