கலக்காத தொட்டி

ஜூன் 3
எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். "தனியா முணுமுணுக்கிறதுக்கு என்கிட்டயே சொல்லித் தொலைங்கப்பா" என்றாள். இன்று மழை. முழங்கால் வலி.

ஜூன் 5
ஆசிட் தொழிற்சாலையில் எனக்குக் கனம் பார்க்கிற வேலை. ஜாடியில் மொண்டு கண்ணாடி மிதவையை விட்டால், கெட்டி ஆசிட்டில் தூக்கி நிற்கும், மெலிசில் அமிழும். எண் படிக்கத் தெரியாததால் மிதவையில் நானே சிவப்புக் கோடு போட்டுக்கொண்டேன். போகப்போக மிதவையும் வேண்டியிருக்கவில்லை. ஜாடியைத் தூக்கினாலே சொல்லிவிடுவேன். "அத்தானுக்குக் கையிலயே தராசு" என்பான் மச்சான், என் மனைவியின் தம்பி. அங்கே தொட்டி கழுவியவன் அவன்தான்.

ஜூன் 6
கண் தெரியாத மச்சானுக்குக் காய்ச்சல். "மாமா உங்களைத்தான் கேட்டாரு" என்றாள் மகள். போகவில்லை.

ஜூன் 9
எழுதம்மா. நிறுத்தாமல் எழுது.

முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. தொட்டியடியில் கொஞ்சம் ஆசிட் மிச்சம். மூடி ஒழுகி மழைத்தண்ணீர் சொட்டுச் சொட்டாய் இறங்கியிருந்தது. அப்படியானால் மெலிசு மேலே நிற்கும், கெட்டி அடியில் கிடக்கும். கோலால் கலக்கிவிட்டுத்தான் மொள்ள வேண்டும். நான் கலக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்திருந்தது, பெண் குழந்தை என்று. கால் தரையில் நிற்கவில்லை. மேலாக மொண்டு தூக்கிப் பார்த்தேன். "மெலிசுதான்டா, குழாயைத் திறந்து கழுவு" என்றேன். கெட்டி ஆசிட்டில் தண்ணீர் வேகமாய் விழுந்தால் கொதித்துச் சீறும். மச்சான் தொட்டிக்குள் குனிந்திருந்தான்.

என்னைக் கேட்காமல் குழாயைத் திறந்துவிட்டான் என்று விசாரணையில் எழுதினார்கள். வேலை போனால் கைக்குழந்தையோடு எங்கே போவேன்? கைநாட்டு வைத்தேன். அவன் அக்கா, உன் அம்மா, சாகும்வரை தம்பியைத்தான் திட்டினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மகள் பேனாவை வைத்துவிட்டாள். இந்த வரிக்கு வெகுநேரமாயிற்று.

ஜூன் 10
எழுதுகிறாள். எழுதி முடித்ததும் எழுந்து போய்விடுகிறாள்.

ஜூன் 12
போனேன். சொன்னேன்.
"தெரியும் அத்தான். கலக்குற கோல் காய்ஞ்சு கிடந்துச்சு. நான் கடைசியாப் பார்த்தது அதைத்தான்."
"அப்புறம் ஏன்டா திறந்தே?"
"நீங்க சொன்னீங்களே."

ஜூன் 15
மச்சானுக்குக் காய்ச்சல் விட்டது. தாடி மண்டிக் கிடந்தது. சவரம் செய்துவிடச் சொன்னான். அந்த முகத்தை இன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். தழும்பு மேடும் பள்ளமுமாய் இருக்கிறது. "இந்தக் கையை நம்பாதேடா, வேணாம்" என்றேன்.

முகத்தை நிமிர்த்திக் கொடுத்தான்.